சபையில் காணிக்கை கொடுக்கத் தொடங்குபவர்களுக்கு: சிறு தொகை, சந்தா அட்டை, ரசீது, சில எச்சரிக்கைகள்

வேலைக்காக ஊர் மாறி வந்து ஒரு சபையில் சேருபவர்களுக்கும், புதிதாக விசுவாசத்துக்குள் வந்தவர்களுக்கும் ஒரு விஷயத்தை மட்டும் யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. அது பணம். ஞாயிற்றுக்கிழமை பை வருகிறது, போடுகிறோம். அப்புறம் கவர் என்கிறார்கள், சந்தா அட்டை என்கிறார்கள், அறுப்பின் பண்டிகை ஏலம் என்கிறார்கள், மிஷனெரியைத் தாங்குங்கள் என்கிறார்கள். எங்கள் குடும்பம் நகரத்துச் சபை ஒன்றில் சேர்ந்தபோது ஒரே கேள்விக்கு மூன்று பேர் மூன்று பதில் சொன்னார்கள். விடாமல் கேட்கவும் கூச்சம். கொடுக்கப்போவதே சின்னத் தொகை, அதற்கு இத்தனை கேள்வியா என்று நினைத்துவிடுவார்களோ என்ற தயக்கம். அந்தக் கூச்சத்தோடு நீங்களும் பல மாதம் தடுமாற வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இங்கே சொல்வது பெரும்பாலும் தென்னிந்தியத் திருச்சபையின், அதாவது சிஎஸ்ஐ சபைகளின் நடைமுறை. மற்றச் சபைகளில் பெயர்களும் முறையும் மாறும். ஆனால் தொகை, ரசீது, பொருத்தனை (இவ்வளவு கொடுப்பேன் என்று தேவனுக்குக் கொடுக்கும் வாக்கு), வரி பற்றிச் சொல்பவை எந்தச் சபைக்காரருக்கும் உதவும்.

1. முதலில் தொகையை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள்

ஆலயத்தில் பை பக்கத்தில் வரும்போது பர்ஸைத் துழாவி முடிவு செய்யாதீர்கள். அந்த நேரத்தில் கை எடுப்பது, அன்றைக்குச் சில்லறையாக என்ன இருக்கிறதோ அதைத்தான். கொரிந்து சபைக்குப் பவுல் எழுதிய முதலாம் நிருபத்தின் 16-ஆம் அதிகாரத்தில் சொல்லியிருப்பது மிக எளிய முறை. வாரத்தின் முதல் நாளில் ஒவ்வொருவரும் தங்கள் வரவுக்கேற்ப வீட்டிலேயே எடுத்து வைத்துவிட வேண்டும், தான் வரும்போது வசூல் செய்துகொண்டிருக்கக் கூடாது. இதைவிட நல்ல வழிகாட்டி எனக்குக் கிடைக்கவில்லை.

சம்பளம் வந்த நாளிலேயே எடுத்து வைப்பதுதான் முக்கியம். மாதக் கடைசியில் மிச்சமிருந்தால் கொடுக்கலாம் என்று விட்டால், மிச்சம் இருக்காது. தேவனை நம்பிக் கொடுப்பது என்று நாம் சொல்வது நடைமுறையில் இதில்தான் தெரியும். முப்பது நாள் எப்படிப் போகும் என்று தெரியாத முதல் நாளிலேயே ஒரு பங்கை எடுத்து வைக்கிறோம்.

எவ்வளவு? தசமபாகம், பத்தில் ஒன்று என்று பலர் சொல்வார்கள். சம்பளம் 18,000 ரூபாய் என்றால் 1,800. முடிந்தவர்கள் கொடுக்கட்டும். வாடகை, கடன் தவணை, பள்ளிக் கட்டணம் போக 1,000 ரூபாய்கூட நிற்காத வீட்டில் 1,800 எடுத்து வைத்தால் இரண்டாம் வாரம் கைமாற்றுக்கு அலைய வேண்டியிருக்கும். என் கருத்து இது: அடுத்த 12 மாதம் தவறாமல் கொடுக்கக்கூடிய தொகை எதுவோ அதில் தொடங்குங்கள். வாரம் 25 ரூபாயானாலும் சரி. சிஎஸ்ஐ சபைகளில் யாரும் உங்கள் சம்பளச் சீட்டைக் கேட்டுப் பத்து சதவீதம் பார்ப்பதில்லை. கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் 8-ஆம் அதிகாரமும், ஒருவனிடம் உள்ளதை வைத்துத்தான் கணக்கு, இல்லாததை வைத்து அல்ல என்கிறது.

தொகையை எழுதும் முன் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, கணவனும் மனைவியும் சேர்ந்து முடிவெடுத்திருக்க வேண்டும். ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவர் கொடுத்து, பின்னால் வெளியே வந்து சண்டையான வீடுகள் உண்டு. இரண்டாவது, பெற்றோரின் மருந்துச் செலவிலிருந்து காணிக்கையை எடுக்காதீர்கள். தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதைக் கொர்பான், காணிக்கையாகிவிட்டது என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை இயேசு கண்டித்தது மாற்கு 7-இல் இருக்கிறது. இதைப் பிரசங்கத்தில் நான் அதிகம் கேட்டதில்லை.

2. பெயரைப் பதிவு செய்யுங்கள்

காணிக்கைப் பையில் யாரும் போடலாம், பதிவு எதுவும் தேவையில்லை. ஆனால் அங்கத்தினராக மாதச் சந்தா கட்ட வேண்டுமென்றால் சபைப் பதிவேட்டில் உங்கள் குடும்பத்தின் பெயர் வர வேண்டும். அதற்குப் பொதுவாகக் கேட்கப்படுபவை: ஞானஸ்நானச் சான்றிதழ், திடப்படுத்தல் (ஞானஸ்நானத்துக்குப் பிறகு விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்கு) பெற்றிருந்தால் அதன் சான்று, திருமணமானவர்கள் என்றால் திருமணச் சான்றிதழ், முன்பிருந்த சபையின் போதகர் கையெழுத்திட்ட மாறுதல் கடிதம்.

தாமதமாவது இந்தக் கடைசிக் கடிதத்தில்தான். ஊர்ச் சபையில் சந்தா பாக்கி இருந்தால் அதை முடித்துவிட்டுத்தான் கடிதம் தருவார்கள் என்பது பல இடங்களில் வழக்கம். சேகரத்தில், அதாவது ஒரே போதகரின் பொறுப்பில், நாலைந்து சபைகள் இருந்தால் போதகரைப் பிடிப்பதே ஒரு வேலை. ஊருக்குப் போகும்போது ஞாயிற்றுக்கிழமையும் சேர்ந்து வருமாறு பார்த்துக்கொள்ளுங்கள். போவதற்கு முன் போதகருக்கு உதவியாக இருக்கும் உபதேசியாரிடம் போனில் சொல்லி வைத்தால் எழுதி வைத்திருப்பார். சான்றிதழ்களை இரண்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள், மூலத்தை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.

பதிவில்லாமல் மாதாமாதம் பணம் மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் அது நன்கொடையாகத்தான் எழுதப்படும். பின்னால் வீட்டில் திருமணம், ஞானஸ்நானம், கல்லறை இடம் என்று ஏதாவது வரும்போது, இத்தனை வருஷம் கொடுத்தேனே என்று சொன்னால் பதிவேட்டைத்தான் திருப்புவார்கள். சபைத் தேர்தலில் வாக்களிப்பதற்கும் சந்தா பாக்கி இல்லாமலிருப்பது பல இடங்களில் நிபந்தனை.

3. எந்தப் பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது

பையில் விழும் ஞாயிறு காணிக்கை சபையின் பொதுச் செலவுக்கு. சந்தா என்பது அங்கத்தினர் மாதாமாதம் கட்டும் தொகை. தென்மாவட்டங்களில் இதைச் சங்கக் காணிக்கை என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஸ்தோத்திரக் காணிக்கை பிறந்தநாள், திருமண நாள், வேலை கிடைத்தது, உடம்பு சுகமானது போன்றவற்றுக்கு நன்றியாகக் கொடுப்பது; கவரில் பெயரும் காரணமும் எழுதினால் ஆராதனையில் வாசிப்பார்கள். இவை போக, கட்டட நிதி, ஏழைகள் நிதி, மிஷனெரிக் காணிக்கை.

கவரில் எதற்கு என்று எழுதாமல் விட்டால் அது பொதுக் கணக்கில் சேர்ந்துவிடும். ஏழைப் பிள்ளையின் படிப்புக்கு என்று மனதில் நினைத்துப் போட்டது மைக் செட் வாங்கப் போயிருக்கலாம். அதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது, நாம்தான் எழுதியிருக்க வேண்டும்.

சிறு தொகைக்காரர்களுக்கு நான் சிபாரிசு செய்வது மிஷனெரிக் காணிக்கையை. திருநெல்வேலியில் 1903-இல் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கம், நம் நாட்டுப் பணத்தில், நம் நாட்டு ஆட்களால், நம் நாட்டு நிர்வாகத்தில் நடக்க வேண்டும் என்ற தீர்மானத்தோடு தொடங்கப்பட்டது. இப்படிப்பட்ட சங்கங்கள் சின்னச் சின்னத் தொகைகளைச் சேர்த்தே ஓடுகின்றன. 50 ரூபாய் அனுப்பினாலும் ரசீது வரும்.

4. கொடுக்கும் விதம்: பை, கவர், யுபிஐ

பையில் போடுவதில் ஒரு நன்மை: தட்டில் என்றால் யார் என்ன போட்டார்கள் என்று தெரியும், பையில் தெரியாது. பத்து ரூபாய்த் தாளை நான்காக மடித்து உள்ளே கைவிட்டுப் போடலாம், நாணயத்தையும் போடலாம். ஆராதனை முடிந்ததும் ஆலயத்தை ஒட்டிய வெஸ்ட்ரி அறையில் சிலர் சேர்ந்து எண்ணிப் பதிவேட்டில் எழுதுவார்கள். அவர்களுக்காக ஒரு வேண்டுகோள்: கடையில் வாங்க மறுத்த கிழிந்த தாளைப் பைக்கு ஒதுக்காதீர்கள்.

பெரிய தொகையென்றால் பெயர் வாசிப்பார்கள், ஆண்டறிக்கையில் அச்சிடுவார்கள். சின்னத் தொகை கொடுப்பவர்களுக்கு அந்தப் பட்டியல்தான் கூச்சத்தைக் கொடுக்கிறது. பக்கத்து வரியில் 10,000, நம் பெயருக்கு எதிரே 100. கவரில் ‘ஒரு குடும்பம்’ என்று எழுதிக் கொடுக்கலாம், ஏற்றுக்கொள்வார்கள். ரசீதில் மட்டும் பெயர் இருந்தால் போதும் என்று பொருளாளரிடம் சொன்னாலும் சரி.

இப்போது பல ஆலயங்களில் வாசலிலேயே க்யூஆர் அட்டை வைத்திருக்கிறார்கள். ஸ்கேன் செய்ததும் திரையில் வரும் பெயர் சபையின் பெயரா அல்லது ஒரு தனிமனிதர் பெயரா என்று பாருங்கள். தனிமனிதர் பெயர் வந்தால் பணம் அனுப்பாமல் பொருளாளரைக் கேளுங்கள். போதகரின் படத்தை வைத்துக்கொண்டு, “அவசரம், ஆஸ்பத்திரியில் ஒரு விசுவாசிக்குப் பணம் வேண்டும், இந்த எண்ணுக்கு அனுப்புங்கள்” என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்தி ஏமாற்று வேலையாக இருக்கலாம். உங்களிடம் முன்பே உள்ள போதகரின் எண்ணுக்குக் கூப்பிட்டுக் கேட்ட பிறகே எதையும் செய்யுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள்.

மாதாமாதம் தானாகவே பணம் போகும்படி வங்கியில் ஏற்பாடு செய்யலாம். மறதிக்காரர்களுக்கு நல்லது. தேதியை மட்டும் சம்பளத்துக்கு அடுத்த நாளாக வையுங்கள். மாதக் கடைசியாக வைத்து, கணக்கில் பணம் இல்லாமல் திரும்பினால் சில வங்கிகள் அதற்கும் கட்டணம் பிடிக்கும்.

5. ரசீது வாங்குங்கள், நோட்டில் எழுதுங்கள்

சந்தா அட்டையில் கட்டிய மாதம், தொகை, ரசீது எண், கையெழுத்து நான்கும் இருக்க வேண்டும். கையெழுத்து இல்லாத அட்டை பிறகு உதவாது. யுபிஐ வழியாகக் கட்டினால் அந்தப் பரிவர்த்தனை எண்ணைப் பொருளாளருக்கு அனுப்பி, எந்தக் கணக்கு, எந்த மாதத்துக்கு என்று சொல்லி ரசீது கேளுங்கள். சொல்லாவிட்டால் வங்கிப் பட்டியலில் யாரோ அனுப்பிய 200 ரூபாயாகத்தான் அது நிற்கும்.

ஆலயத்தில் ரசீது கேட்பது நம்பிக்கையில்லாத்தனம் என்று சில பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். அதற்குப் பவுலே பதில். எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்த்த பணத்தை ஒருவர் கையில் விடாமல், யாரும் குறை சொல்ல இடமில்லாதபடி சபைகள் தெரிந்தெடுத்த ஆளையும் கூட அனுப்பினார் (கொரிந்தியருக்கு இரண்டாம் நிருபம், 8-ஆம் அதிகாரம்). வருஷத்துக்கு ஒரு முறை சபைக் கூட்டத்தில் கணக்கு வாசிப்பார்கள். வீட்டில் வேலை இருந்தாலும் அன்றைக்குப் போய் உட்காருங்கள். 100 ரூபாய் கொடுத்தவருக்கும் கேள்வி கேட்கும் உரிமை உண்டு.

6. பொருத்தனை, ஏலம், ‘விதை’: இங்கேதான் கால் வழுக்கும்

கன்வென்ஷன் கூட்டங்களில் பாட்டும் பிரசங்கமும் முடிந்து, மனம் இளகியிருக்கும் நேரத்தில் ஒரு சீட்டு வரும். தொகையை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்பார்கள். அன்றைக்கு எழுதாதீர்கள். சீட்டை வீட்டுக்கு எடுத்துப் போங்கள், மறுவாரம் கொடுங்கள். பொருத்தனை செய்துவிட்டுச் செலுத்தாமலிருப்பதைவிட, செய்யாமலிருப்பதே மேல் என்று பிரசங்கி புத்தகம் 5-ஆம் அதிகாரம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

அறுப்பின் பண்டிகை ஏலம் வேறு மாதிரி. முருங்கைக்காய், பூசணி, சேவல், வீட்டில் சுட்ட கேக் எல்லாம் ஏலத்துக்கு வரும். ஒரு தேங்காய் 2,000 ரூபாய்க்குப் போவதைப் பார்க்கலாம். சிரிப்பும் கேலியுமாக நன்றாகத்தான் இருக்கும், பணமும் நல்ல காரியத்துக்குத்தான். புதியவர்கள் உற்சாகத்தில் கையைத் தூக்கிவிட்டு மறுமாதம் திண்டாடுவார்கள். போகும்போதே வரம்பு வைத்துக்கொண்டு, அந்தப் பணத்தை ரொக்கமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அது தீர்ந்ததும் வேடிக்கை மட்டும் பாருங்கள். ஏலம் எடுக்க வசதியில்லை என்றால் ஒரு கட்டு கீரையோ நாலு முட்டையோ கொண்டுபோய் வையுங்கள். அதை வேறொருவர் 500 ரூபாய்க்கு எடுத்தால் உங்கள் காணிக்கை 500 ரூபாயாகிவிட்டது.

மூன்றாவது, ‘விதை விதையுங்கள், நூறு மடங்கு அறுப்பீர்கள்’ என்று பணம் கேட்பவர்கள். கடனில் இருப்பவர்களைக் குறிவைத்தே இது பேசப்படுகிறது: கடன் தீர வேண்டுமா, 1,000 ரூபாய் அனுப்புங்கள். இப்படிக் கேட்பவர்கள் எடுத்துக்காட்டுவது, தன்னிடமிருந்த இரண்டு காசையும் காணிக்கைப் பெட்டியில் போட்ட ஏழை விதவையை. மாற்கு 12-ஐத் திறந்து அந்தச் சம்பவத்துக்கு முந்தின வசனங்களையும் படியுங்கள். விதவைகளின் வீடுகளை விழுங்குகிறவர்களை இயேசு கண்டித்த சூட்டோடுதான் அந்தக் காட்சி வருகிறது. பஞ்ச காலத்தில் கடைசி மாவில் எலியா தீர்க்கதரிசிக்கு அப்பம் சுட்டுக் கொடுத்த சாறிபாத் விதவையையும் இழுப்பார்கள். எலியா அவளிடம் அப்பம் வாங்கிக்கொண்டு போய்விடவில்லை. அதே வீட்டில் தங்கி, அதே மாவில் அவளோடும் அவள் பிள்ளையோடும் சாப்பிட்டார். உங்களிடம் கேட்பவர் உங்கள் வீட்டுக் கஞ்சியைக் குடிக்க வருவாரா என்று பாருங்கள்.

நகையை அடகு வைத்து, வட்டிக்கு வாங்கி, கிரெடிட் கார்டில் தேய்த்துக் காணிக்கை கொடுக்கவே கூடாது. இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

7. ரொக்கம் இல்லாத வீட்டுக்குப் பிடி அரிசி

மிசோரம் பிரஸ்பிட்டேரியன் சபையில் பூஃபாய் தாம் என்று ஒரு வழக்கம் நூறு வருஷத்துக்கும் மேலாக நடக்கிறது. சமைக்க அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு பிடியைத் தனிப் பாத்திரத்தில் போட்டுவிட வேண்டும். சபைப் பெண்கள் வீடு வீடாகச் சேகரித்து விற்று, பணத்தை ஊழியத்துக்குக் கொடுக்கிறார்கள். தமிழ்நாட்டிலும் பிடி அரிசிக் காணிக்கை பழைய வழக்கம்தான், நகரத்தில் மறைந்துவருகிறது.

கணக்குப் போட்டால், ஒரு பிடி சுமார் 50 கிராம். நாளைக்கு இரண்டு வேளை என்றால் மாதம் 3 கிலோ. கிலோ 50 ரூபாய் என்று வைத்தால் 150 ரூபாய். பாத்திரத்தில் இரண்டு வேப்பிலையோ காய்ந்த மிளகாயோ போட்டு வைத்தால் வண்டு வராது. உங்கள் சபையில் அரிசி வாங்குகிறார்களா என்று முதலில் கேளுங்கள். வாங்காவிட்டால் பக்கத்தில் உள்ள ஆதரவற்றோர் இல்லத்தில் கொடுக்கலாம், அல்லது அதன் விலையைக் கவரில் போடலாம்.

லெந்து காலத்தில், அதாவது ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில், பிள்ளைகளுக்கு உண்டியல் கொடுப்பார்கள். தாத்தா பாட்டியின் டப்பாவிலிருந்து அவர்கள் பழைய காசைக் கொண்டுவருவார்கள். 50 காசு இன்றும் செல்லும். 25 காசும் அதற்குக் கீழே உள்ளவையும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது. பத்து ரூபாய் நாணயம் எந்த வடிவமானாலும் செல்லும், கடைக்காரர் என்ன சொன்னாலும் சரி.

8. வரிவிலக்கு கிடைக்குமா?

ஆலயக் காணிக்கைக்குப் பெரும்பாலும் கிடைக்காது. 80ஜி என்று எல்லோரும் சொல்லும் வருமான வரிச் சட்டப் பிரிவு அறப்பணி நிறுவனங்களுக்கு உரியது. ஒரு குறிப்பிட்ட மதத்தாருக்கு மட்டுமான நிறுவனங்களுக்குப் பொருந்தாது. வரலாற்றுச் சிறப்புள்ளது என்று அரசு அறிவித்த ஆலயங்களின் பழுதுபார்ப்புக்குக் கொடுப்பது விதிவிலக்கு. 80ஜி பதிவுள்ள கிறிஸ்தவத் தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்தால் விலக்கு உண்டு. ஆனால் பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டும்தான். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதுவும் கிடையாது. நிறுவனத்திடமிருந்து 10பிஇ என்ற சான்றிதழ் வர வேண்டும், அதற்குக் கொடுக்கும்போதே பான் எண்ணைச் சொல்ல வேண்டும். 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால், அந்தத் தேதியிலிருந்து கொடுப்பவற்றுக்குப் பிரிவு எண்ணும் படிவ எண்ணும் வேறு. மாதம் 100 ரூபாய் கொடுப்பவர் இதற்காக மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்பேன்.

9. வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் அனுப்புகிறேன் என்றால்

அவரிடம் இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால் பிரச்சினையில்லை, வழக்கமான வங்கி வழியில் சபைக் கணக்குக்கு அனுப்பலாம். வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியிருந்தால், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடை. எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ உள்ள அமைப்பு மட்டுமே, புதுதில்லி ஸ்டேட் பாங்க் தலைமைக் கிளையில் அதற்கென்று உள்ள கணக்கில் அதைப் பெறலாம். உங்கள் கணக்குக்கு அனுப்பச் சொல்லி நீங்கள் சபைக்குக் கட்டுவது குறுக்கு வழி, மாட்டிக்கொள்வது சபை நிர்வாகம்.

10. கையில் ஒன்றுமில்லாத மாதம்

வரும். வேலை போகும், ஆஸ்பத்திரிச் செலவு வரும். அப்போது பலர் ஆலயத்துக்கு வருவதையே நிறுத்திவிடுகிறார்கள், பாக்கி ஏறுகிறதே என்ற வெட்கத்தில். அப்படிச் செய்யாதீர்கள். போதகரைத் தனியாகப் பார்த்து, இத்தனை மாதம் முடியாது என்று சொல்லுங்கள். சந்தாவைக் குறைக்கவோ தள்ளுபடி செய்யவோ கமிட்டியில் வழி இருக்கும். வாய்வார்த்தையோடு விடாமல் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கமிட்டி மாறினால் அந்தத் தாள்தான் பேசும். அந்த மாதங்களில் பையில் ஒரு ரூபாய் போட மனமிருந்தால் போடுங்கள். இல்லையென்றால் பையை அடுத்தவருக்கு நகர்த்திவிடுங்கள், யாரும் பார்ப்பதில்லை. சபையில் ஏழைகள் நிதி இருக்கிறதே, அதிலிருந்து நீங்கள் வாங்கவும் செய்யலாம். அதற்கும் போதகரிடம் ஒரு விண்ணப்பம் போதும்.